குடுத்தாச்சு

மைசூர் மைன்ஸ், கே.ஜி.எஃப்.
11-6-2023

அன்புள்ள மச்சானுக்கு துரை எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சரோஜாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். பூனாவில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மமதாவும் பேத்தி நேத்ராவும் சுகம்தானே?

போனில் பேசலாமென்றால் உங்களுக்குக் காது கேட்பதில்லை. நான் கத்தினால் தெருவே என் வாசலில் வந்து நிற்கிறது. தவிர, கோல்ஃப் ஆட்டத்தில் தகராறு வந்தால் எழுத்தில்தான் கேட்கவேண்டும், உங்கள் தீர்ப்பு வரும்வரை அந்தக் குழி யாருக்கும் கிடையாது என்று நீங்கள் க்ளப்பில் குமாஸ்தாவாக இருந்தபோது போட்ட சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. நீங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டால் சட்டமும் கூடவே போய்விடுமா?

ஞாயிறு காலை நான், சேகர், சிரில் மூவரும் வழக்கம்போல கோல்ஃப் ஆடினோம். நான்காம் குழியில் நான் அடித்த பந்து பார்வதம்மாவின் செம்மறிக் கூட்டத்துக்குள் போய், ஓர் ஆட்டின் முதுகுக் கம்பளியில் சிக்கிக்கொண்டது. ஆடு பாட்டுக்குக் குழியை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டது. "ஆடு எங்க போய் நிக்குதோ அங்கருந்துதான்பா ஆடணும்" என்றான் சேகர். "அதெல்லாம் இல்ல, பெனால்டி" என்றான் சிரில். பார்வதம்மா, "பந்து வேணுமா, ஆடு வேணுமா? சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு வேலை கீது" என்றாள். தீர்ப்பு வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். ஆட்டத்தின் நடுவே ஒருவர் மூச்சு வாங்கிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தண்டனை உண்டா? சேகருக்குத்தான். வயசாகிறது அவனுக்கு.

அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.
துரை


பூனா
24-6-2023

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாணிக்கராஜ். கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான். பதினோராம் மாடியில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டடத்தின் பதினோராம் மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மமதா வேலைக்கும் நேத்ரா காலேஜுக்கும் போனபின் இங்கே என்னோடு பேச ஃபிரிஜ்ஜைத் தவிர யாருமில்லை. அதுவும் எனக்குக் கேட்பதில்லை.

உங்கள் ஆட்டை வைத்து ஒரு சாயங்காலம் போனது. அதற்கு நன்றி. பந்து பிராணியின் மேல் தங்கிவிட்டால் அப்படியே அடிக்கக்கூடாது. முதலில் எந்த இடத்தில் ஆட்டின்மேல் தங்கியதோ, அந்த இடத்துக்கு நேர் கீழே தரையில் பந்தைப் போட்டு ஆடவேண்டும். தண்டனை இல்லை. ஆடு உங்களைக் குழி அருகே கொண்டுபோய் விடும் என்ற ஆசையும் வேண்டாம்.

உட்காருவது பற்றி. காரணமில்லாமல் தாமதம் செய்தால்தான் தண்டனை. திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் கொஞ்ச நேரம் இளைப்பாற விடலாம். ஆனால் சேகருக்கு என்ன? அவன் நம் எல்லோரையும்விடச் சின்னவன் ஆயிற்றே?

சரோஜாவை இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லவும்.
மாணிக்கராஜ்


மைசூர் மைன்ஸ்
20-7-2023

அன்புள்ள மச்சானுக்கு துரை. இங்கே மழை இல்லை, காற்றுதான். தங்கம் பிரித்தபின் கொட்டிவைத்த சைனைடு மேட்டிலிருந்து தூசு கிளம்பினால் சோற்றில்கூட விழுகிறது. சரோஜா மாத்திரை சாப்பிடுகிறாள். உங்கள் பேரைச் சொன்னால்தான் சாப்பிடுகிறாள்.

ஆட்டுத் தீர்ப்பை வாசித்துக் காட்டினேன். சேகர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். இப்போது வேறு இரண்டு சிக்கல். ஒன்று, சிரில் தன் டி.வி.எஸ். மொபெட்டை மைதானத்துக்குள் ஓட்டி வருகிறான். அடித்தபின் ஒருவர் அதில் பின்னால் உட்கார்ந்து பந்து இருக்குமிடத்துக்குப் போனால் செல்லுமா? இரண்டு, தூசுக்காற்றில் ஒருவரை இன்னொருவர் தோளைப் பிடித்து நிறுத்திக்கொள்ள, அவர் பந்தை அடித்தால்?

எல்லாம் சேகருக்காகத்தான் கேட்கிறேன். அவன் வாய்விட்டுக் கேட்கமாட்டான்.

துரை


பூனா
5-8-2023

அன்புள்ள மாப்பிள்ளைக்கு. மொபெட் செல்லும். வண்டி கூடாது என்று தனியாகச் சட்டம் போட்டிருந்தால்தான் தப்பு. நம் மைதானத்தில் அப்படி எதுவும் இல்லை, போட்டிருக்கவேண்டியவன் நான்தான். ஆனால் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது அடிக்கக்கூடாது. அடிக்கும் நேரத்தில் தன் காலில் தானே நிற்கவேண்டும். மீறினால் அந்தக் குழி போச்சு.

தீர்ப்பு முடிந்தது. இப்போது என் கேள்வி. நேத்ராவின் போனுக்கு சேகர் படம் அனுப்பியிருக்கிறான். போன வாரம் திருப்பதிக்குப் படியேறியே போய் வந்தானாம், மேலே மொட்டைத் தலையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். சரோஜா மமதாவிடம் வேறொன்று சொன்னாளாம். நீங்கள் இப்போது படுத்துத் தூங்குவதே இல்லை, நாற்காலியில் சாய்ந்தபடிதான் இரவு போகிறது என்று.

மாப்பிள்ளை, மூச்சு வாங்கி உட்காருவது யார்?

மாணிக்கராஜ்


மைசூர் மைன்ஸ்
2-9-2023

மச்சானுக்கு. எல்லோரும் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நெஞ்சுப் படம் எடுத்தார்கள். புதுசாக ஒன்றுமில்லை. அத்தனை வருஷம் சுரங்கத்தில் கீழே லெவலில் பாறையைத் துளைத்தோம், அந்தத் தூசு உள்ளேயே குடியிருக்கிறது. இந்த ஏரியாவில் பாதிப் பேருக்கு இருப்பதுதான். இதை எழுத எனக்கு அலுப்பாக இருக்கிறது, அதனால் இதோடு விடுகிறேன்.

என் கேள்விக்கு வருகிறேன். பந்து குழிக்குப் பக்கத்தில் இருந்தால், இதை எப்படியும் போட்டுவிடுவான் என்று எதிராளி "குடுத்தாச்சு" என்பதும், நாம் பந்தைக் கையில் எடுத்துக்கொள்வதும் ஆதிகாலத்திலிருந்து இருப்பதுதான். மட்டையின் பிடி அளவு தூரம் என்றால் சரி. இப்போது இந்த இரண்டு பேரும் எனக்கு ஓர் ஆள் நீளத்திலிருந்தே குடுக்கிறார்கள். போன வாரம் நான் மட்டையை எடுத்து நிற்பதற்குள் சிரில், "குடுத்தாச்சு துரை, எடுத்துக்கோ" என்கிறான். "நான் கேட்டனா?" என்றேன். "நீ இன்னாத்துக்குக் கேக்கணும், நாங்க குடுக்கறம்" என்றான்.

எதிராளி குடுத்ததை வேண்டாம் என்று சொல்ல ஆடுகிறவனுக்கு உரிமை உண்டா? இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

துரை


பூனா
18-9-2023

அன்புள்ள மாப்பிள்ளைக்கு. உங்கள் கடிதத்தை மமதாவுக்கும் காட்டினேன். பெங்களூரில் பெரிய டாக்டரைப் பார்க்கலாம் என்கிறாள். ஏற்பாடு செய்யட்டுமா?

தீர்ப்பு: உரிமை இல்லை. ஒருவருக்கு எதிராக ஒருவர் குழிக்குக் குழி ஆடும்போது எதிராளி குடுத்தால் குடுத்ததுதான். அவர் திருப்பி வாங்கவும் முடியாது, நீங்கள் மறுக்கவும் முடியாது. அந்தக் குழி அங்கேயே முடிந்தது.

மாப்பிள்ளை, குடுத்தால் வாங்கிக்கொள்ளுங்களேன். கூட ஆடுகிறவர்கள் பிரியத்தில் செய்வது. குழிக்குப் பக்கத்தில் குனிந்து குறிபார்த்து நின்று மூச்சை வீணாக்குவானேன்? ஆட்டம்தானே.

சரோஜாவைப் பக்கத்திலேயே இருக்கச் சொல்லவும்.
மாணிக்கராஜ்


மைசூர் மைன்ஸ்
1-10-2023

மச்சானுக்கு துரை.

இன்று காலை சிரில் உளறிவிட்டான். எட்டாம் குழியில் மறுபடி குடுத்தான், நான் கத்தினேன். "என்கிட்ட இன்னாத்துக்குக் கோவப்படற? மாணிக்கம் அண்ணன்தான் ஆகஸ்ட்லயே எழுதினாரு, துரைய ரொம்ப நேரம் நிக்க வுடாதீங்க, கிட்ட வந்தா குடுத்துடுங்கன்னு" என்றான். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் உங்களிடம் தீர்ப்பு கேட்டு எழுதியபோது நீங்கள் ஏற்கெனவே தீர்ப்பு சொல்லி முடித்திருந்தீர்கள். எனக்கல்ல, அவர்களுக்கு.

காலையில் கண் விழித்ததிலிருந்து எனக்கு எல்லாமே குடுத்தாச்சுதான். சரோஜா சட்டை மாட்டிவிடுகிறாள். பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் தருகிறார்கள். கடையில் வரிசையை விலக்கி முன்னால் விடுகிறார்கள். தெருவில் எவனோடாவது சண்டை போட்டால்கூட, "சரி மாமா, நீங்க சொல்றதுதான் சரி" என்று போய்விடுகிறான். ஒருத்தனும் என்னோடு சரிக்குச் சரி நிற்பதில்லை. அந்தப் பந்துக்கு மட்டும்தான் என் நுரையீரலைப் பற்றி எதுவும் தெரியாது. சரியாக அடித்தால் விழும், இல்லையென்றால் விழாது. அதையும் கையிலிருந்து பிடுங்கிவிட்டீர்கள்.

ஒன்பது குழியையும் நானே போட்டு ஒருமுறை முடிக்கவேண்டும் என்றிருந்தேன். கால் இருக்கும்போதே. அதற்குத்தான் இத்தனை கேள்வியும் கேட்டேன், உங்களுக்குப் புரியும் என்று நினைத்தேன்.

இனி தீர்ப்பு எதுவும் வேண்டாம். ஆட்டத்துக்கும் போவதாக இல்லை.

துரை


பூனா
20-10-2023

மாப்பிள்ளைக்கு. உடம்பு எப்படி இருக்கிறது? ஒரு வரி போதும்.

மாணிக்கராஜ்


பூனா
12-12-2023

அன்புள்ள மாப்பிள்ளைக்கு. தீபாவளிக்கும் உங்கள் கையெழுத்து வரவில்லை. நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், கூப்பிட வந்த சேகரோடு பேசாமல் திருப்பி அனுப்பியதாகவும் சரோஜா சொல்லியிருக்கிறாள். நேற்று அவள் போனில், "மூச்சு இல்லாம போறதுக்கு முன்னாடியே ஆளு போயிட்டாரு" என்று அழுதாளாம். மமதா எனக்கு அதை எழுதிக் காட்டினாள்.

உங்களை நிற்கவைத்துப் பார்க்க எனக்கு பயமாக இருந்தது, மாப்பிள்ளை. இங்கிருந்து நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதனால் செய்தேன். அது போகட்டும்.

கேட்ட கேள்விக்கு அன்று பாதி விதியைத்தான் எழுதினேன். மீதி இது. குடுப்பது, வாங்குவது எல்லாம் எதிராளி இருக்கிற ஆட்டத்தில்தான். எத்தனை அடியில் முடித்தோம் என்று மொத்தத்தையும் எண்ணுகிற ஆட்டம் இருக்கிறது, நம் ஆட்கள் பொறுமை போதாமல் விட்டுவிட்டது. அதில் யாரும் யாருக்கும் எதையும் குடுக்க முடியாது. கடவுளே வந்து குடுத்தாச்சு என்றாலும் செல்லாது. ஒவ்வொரு குழியிலும் பந்து உள்ளே விழுந்தே ஆகவேண்டும், விழாமல் கையில் எடுத்து அடுத்த குழிக்குப் போனால் ஆட்டத்தைவிட்டே வெளியே.

இதை எழுதக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். எழுதிவிட்டேன்.

மாணிக்கராஜ்


மைசூர் மைன்ஸ்
9-1-2024

அன்புள்ள மச்சானுக்கு துரை. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும், பூனாவில் குளிர் என்று டி.வி.யில் சொன்னான். நேத்ராவுக்குப் பரீட்சை முடிந்ததா?

சுருக்கமாக எழுதுகிறேன். மொத்தம் எண்ணுகிற ஆட்டத்தில் கணக்கு வைக்க ஒருவர் வேண்டுமே. சேகர், சிரில் இரண்டு பேரும் வேண்டாம். மனசு இளகி எட்டை ஏழு என்பார்கள். ஆடாத ஒருவர் கணக்கு வைக்கலாமா? சரோஜாவுக்கு இந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும், அதில் யாருக்கும் இரக்கம் காட்டமாட்டாள். பால்காரனைக் கேட்டால் சொல்வான்.

அவளிடம் இன்னும் கேட்கவில்லை. முதலில் செல்லுமா என்று சொல்லுங்கள்.

துரை


பூனா
18-1-2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு. செல்லும். கமிட்டி சம்மதித்த எவரும் கணக்கு வைக்கலாம். நம் கமிட்டியில் மிச்சம் இருப்பது நான் ஒருவன். சம்மதித்தேன்.

சரோஜாவுக்கு: பந்தை அடிக்கவேண்டும் என்று மட்டையை வீசினாலே ஓர் அடி. பந்தில் பட்டதா, படவில்லையா என்பது கணக்கில்லை. அவர் முகத்தைப் பார்க்காதே, மட்டையைப் பார். ஏதாவது ஆகிவிட்டால் நீ என்னை மன்னிக்கமாட்டாய் என்று தெரியும். எனக்குத் தூக்கம் வரவில்லை.

முடிந்ததும் யாராவது எழுதுங்கள்.
மாணிக்கராஜ்


மைசூர் மைன்ஸ்
14-2-2024

அன்புள்ள அண்ணாவுக்கு சரோஜா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது, பிழை இருந்தால் நேத்ராவிடம் காட்டிச் சிரிக்காதீர்கள். அவர்தான் எழுதுவதாக இருந்தார். நாற்காலியில் தூங்குகிறார், எழுப்ப மனசு வரவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் டிசம்பர் கடிதத்தை அவர் வாசித்துக் காட்டியபோது உங்கள்மேல் எனக்கு அடங்காத கோபம். அண்ணனா இவர், தங்கை தாலியை வைத்து விளையாடுகிறாரே என்று நினைத்தேன். இரண்டு நாள் சமைத்து வைத்ததோடு சரி. ஆனால் அந்தக் கடிதம் வந்த மறுநாள் அவரே எழுந்து முகம் மழித்துக்கொண்டார். அதைப் பார்த்தபின் நான் என்ன சொல்வது?

ஞாயிறு விடியற்காலையில் போனோம். சிரில் மொபெட்டில் அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினான், நானும் சேகரும் நடந்தோம். நான் இத்தனை வருஷத்தில் அந்த மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. இதில் என்ன இருக்கிறது என்றே தோன்றியது. முள், கல், பார்வதம்மாவின் ஆடுகள். குழி இருக்கும் இடத்தில் புல் கிடையாது, எண்ணெய் கலந்த மணலைக் கோணிச்சாக்கால் இழுத்துச் சமமாக்கி வைத்திருக்கிறார்கள். அவர் வண்டியிலிருந்து இறங்குவார், நிற்பார், மூச்சு வரும்வரை காத்திருப்பார், அடிப்பார், மறுபடி ஏறுவார். யாரும் தொடவில்லை.

மூன்றாம் குழியில் மட்டையை வீசினார், பந்து அசையவே இல்லை. திரும்பி என்னைப் பார்த்து, "அது சும்மா ஒத்திகை" என்றார். "ஒத்திகைக்கு யாராச்சும் இத்தினி மூச்சு வாங்குவாங்களா? ஒண்ணு" என்றேன். சேகருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே அண்ணா! எத்தனை மாதம் ஆயிற்று அவர் என்னோடு சண்டை போட்டு.

ஏழாம் குழி முடிந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு கருத்துப்போயிருந்தது. சிரில் என் காதில், "போதும்மா, இட்டுகினு போயிடலாம்" என்றான். நான் அவர் முன்னால் உட்கார்ந்து, "போலாமா?" என்று கேட்டேன். "இன்னும் ரெண்டு கீது" என்றார். அவ்வளவு நேரமும் நான் சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஒருவரும் வரவில்லை. அவராகத்தான் எழுந்தார்.

கடைசிக் குழி. பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. எனக்கே அது விளையாட்டுப் பிள்ளைகூடப் போட்டுவிடும் தூரமாகத் தெரிந்தது. சிரில் வாயைத் திறந்தான், நான் முறைத்தேன், மூடிக்கொண்டான். அவர் அடித்தார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. மறுபடி நின்று மூச்சு வாங்கி அடித்தார். பந்து பாதியிலேயே நின்றுவிட்டது. சேகர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். விட்டுடுங்க, போதும் என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மட்டையையே பார்த்தேன்.

மூன்றாவது தடவை விழுந்தது. டொக் என்று சத்தம் கேட்டது.

எடுத்துக் கொடுக்க யாரும் போகவில்லை. மட்டையை ஊன்றிக் குனிந்து அவரே எடுத்தார். அதற்கே வெகுநேரம் ஆயிற்று. பந்தைப் பிடித்தபடி என்னிடம் வந்து, "இந்தக் குழிக்கு எத்தினி?" என்றார்.

"பத்து" என்றேன்.

"ஒம்போது."

"பத்து."

"ஏய், நல்லா யோசிச்சுச் சொல்லு, ஒம்போதுதான்."

"கண்ணு எனக்கு நல்லாத்தான் தெரியுது. பத்து."

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இருமல் வந்தது, இருமிவிட்டு மறுபடி சிரித்தார். "பாத்தீங்களாடா, பத்தாம்" என்று அவர்கள் இரண்டு பேரிடமும் பெருமையாகச் சொன்னார். நேற்று டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் வாசலுக்குக்கூடப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டினார்.

என் கையால் எல்லாவற்றையும் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அண்ணா எனக்கும் இருந்தது. ஆனால் ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

உங்கள் தங்கை
சரோஜா